படத்தின் இடது பாதி

தலையில் ஆபரேஷன் ஆகி வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முடி முளைத்துவிட்டதா என்று பார்ப்பார்கள். கொண்டு வந்த ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எப்படிக் கண்டுபிடிச்சிய? தலைவலி கெடந்துச்சோ?" என்று கேட்பார்கள். தலைவலி கிடையாது. வாந்தி கிடையாது, மயக்கம் கிடையாது. ஒரு எருமை மாடு கல்யாண வீட்டுக்குப் போகிற படப் புத்தகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்று நான் சொன்னால், ஆபரேஷன் சரியாக ஆகவில்லையோ என்று என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பாவம், சிரித்து வைப்பார்.

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். அடுத்த ஸ்கேன் வருகிற வியாழக்கிழமை. அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம். என்ன அவசரம் என்று நான் யோசிக்கப் போகவில்லை.

வீடு பாளையங்கோட்டையில். நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். நான் வகுப்பில் பேசினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள், அவ்வளவு குரல். வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் மோட்டார் பம்பு விற்கிற கடை. பெண்கள் இரண்டு பேர். பூரணி ஒன்பதாம் வகுப்பு, கோமு ஆறாம் வகுப்பு.

இந்த வயசுப் பிள்ளைகளுக்கு யாராவது படப் புத்தகம் வாசித்துக் காட்டுவார்களா? நாங்கள் வாசித்தோம். சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்கியதும் மூன்று பேரும் ஒரே கட்டிலில் ஏறிக்கொள்வோம். நடுவில் நான், இடப்பக்கம் பூரணி, வலப்பக்கம் கோமு, என் மடியில் புத்தகம். சின்ன வயசில் தொடங்கியது, நிறுத்த மனசு வரவில்லை. எழுத்து மட்டும் இருக்கிற புத்தகமென்றால் ஆளுக்கொரு மூலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படமென்றால் மூன்று தலையும் ஒரே பக்கத்தின்மேல் குனியும். அதுவுமில்லாமல், பெரிய பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துச் சொல்லாத விஷயத்தையெல்லாம் படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசவில்லை, எந்த டீச்சர் என்ன சொன்னார், எல்லாம் அந்த எருமையைப் பார்த்தபடிதான் வெளியே வரும்.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு இது பொறுக்காது. மதினி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வருகிறபோதெல்லாம் ஒரு இடி இடிக்காமல் போகமாட்டார்.

"ஏ வடிவு, பெரியவ சடங்காகி வருசம் ரெண்டாவுது. அவளுக்குப் போயி மாட்டுப் படம் காட்டிக்கிட்டு இருக்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கும் அந்தப் பொஸ்தகத்தக் குடுத்து விடுவியோ?"

"ஆமா மதினி, சீர்வரிசையில மொத சாமானே அதுதான். வெள்ளிக் கொடம் நீங்க வாங்கிக் குடுத்திருங்க."

"வாயப் பாரு," என்று என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்.

பெரிய பிள்ளைகளுக்கு அதே புத்தகம் அலுக்காமல் இருக்க நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். அதற்குப் பெயர் பொய்ப் படிப்பு. எழுத்தைச் சரியாக வாசிப்பேன். படத்தில் இருப்பதைத் தப்பாகச் சொல்வேன். எருமைக்குப் பின்னால் பூக்காரி வந்தால், "எருமைக்குப் பின்னால ஒரு போலீஸ்காரர் வாராரு" என்பேன். இரண்டு பேரும் "பொய்!" என்று கத்திக்கொண்டு பக்கத்தை அடிக்க வேண்டும். முதலில் அடித்தவளுக்குப் பக்கம் திருப்புகிற உரிமை. ஆனால் நான் லேசில் ஒத்துக்கொள்ளக் கூடாது. "எங்கட்டி பொய்? கண்ணக் கழுவிட்டு வந்து பாரு. தொப்பி தெரியலியா?" என்று முகம் மாறாமல் சாதிக்க வேண்டும். நான் எவ்வளவு சாதிக்கிறேனோ அவ்வளவு சிரிப்பார்கள். இது வருஷக்கணக்கில் நடந்தது. நடந்து நடந்து, அந்தப் புத்தகத்தில் எது வரைந்திருந்தது, எது நான் விட்ட கதை என்று எனக்கே குழம்பிப் போயிருந்தது. இந்தக் குழப்பம்தான் பிற்பாடு என் காலை வாரியது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம். கல்யாண வீட்டுச் சமையல் நடக்கிற பக்கம். கோமு கேட்டாள்: "எம்மா, நாய் என்னத்தத் திங்குது?"

"எந்த நாயி? இந்தப் பக்கத்துல நாயே கெடையாதே."

"பொய்!" இரண்டு பேரும் அடித்தார்கள். ஒரே சிரிப்பு. நான் பார்த்தேன். பந்திப் பாய், வலது ஓரத்தில் பெரிய பித்தளைப் பானை, அடுப்பு, சமையல்காரரின் தொந்தி. நாய் இல்லை. அது அடுத்த பக்கத்தில் என்று நினைத்து, "நாய் அடுத்த பக்கத்துலல்லா வருது" என்று திருப்பினேன். இன்னும் சிரித்தார்கள். "அம்மை என்னமா நடிக்கா!" என்றாள் கோமு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நான் நடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பயமும் வரவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது இல்லாத நாயை இருக்கிறது என்று சொல்லி என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. நான் ஆடுவதாக அவர்கள் நினைத்தார்கள், அவர்கள் ஆடுவதாக நான் நினைத்தேன். வேறு வீடாக இருந்தால், "அங்க நாய் இருக்கே, தெரியலியா?" என்று அன்றைக்கே யாராவது பதறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது சிரிப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். குடை பிடித்த ஆள் இல்லை என்பேன், பந்தக்கால் இல்லை என்பேன், சிரிப்பார்கள். பகலில் இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். கல்லூரி வராந்தாவில் எதிரே வந்த பேராசிரியரை இடித்துவிட்டு, "பாத்து வரக்கூடாதா?" என்று அவரையே சத்தம் போட்டேன். ஸ்கூட்டரின் இடது கண்ணாடி கேட்டில் உரசிக் கீறல் விழுந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. தூக்கம் பத்தவில்லை, கேட்டைச் சரியாகத் திறக்கவில்லை, வீட்டுக்காரர் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துவிட்டு, "பூரணி எங்கட்டி? இன்னும் பல்லு வெளக்குதாளா?" என்று கோமுவைக் கேட்டேன். கோமு விழுந்து விழுந்து சிரித்தாள். என் இடது காதுக்குப் பக்கத்திலிருந்து பூரணியின் குரல் வந்தது. "இங்கனதானம்மா இருக்கேன்." எப்போது வந்தாய் என்று கேட்டேன்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பூரணி புத்தகத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

"இன்னைக்கு இப்படி வச்சுப் படிம்மா."

"இது என்ன புதுக் கூத்து?"

"சொல்லேன். சமையல் பக்கத்துல என்னல்லாம் இருக்கு?"

தலைகீழாக நிற்கிற சமையல்காரரைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. "ஏ, இந்தா நிக்கில்லா ஒங்க நாயி! அப்பளத்தத் திங்குது," என்றேன். வலது ஓரத்தில் வெள்ளை நாய், தலைகீழாக, வாயில் அப்பளத்தோடு.

"பானை?"

"எந்தப் பானை? பானையெல்லாம் ஒண்ணும் இல்ல."

கோமு உருண்டு புரண்டு சிரித்தாள். பூரணி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி, "தூக்கம் வருது" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பெரிய பிள்ளை, என்னமோ மனக்கஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து அவள் சைக்கிளை எடுக்கவில்லை. கோமுவை நான் பள்ளியில் இறக்கிவிடுகிற ஸ்கூட்டரிலேயே தானும் ஏறிக்கொண்டாள். மூன்று பேர் போனால் போலீஸ் பிடிக்கும் என்றாலும் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவாள். "எம்மா, எடது பக்கம் ஆட்டோ. எம்மா, எடது பக்கம் மாடு நிக்கி, பைய போ."

"ஏட்டி, நீ ஓட்டுதியா, நான் ஓட்டுதேனா?" என்று எரிந்து விழுவேன். அவள் வாயை மூட மாட்டாள். அந்த நாட்களில் எங்கள் மூன்று பேரின் உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், முருகன்குறிச்சி தாண்டி ஒரு இளநீர் வண்டி. பூரணி "எம்மா!" என்று கத்தியது கேட்டது. அவ்வளவுதான். வண்டியும் நாங்களும் காய்களும் ரோட்டில் கிடந்தோம். பெரிய காயம் யாருக்கும் இல்லை. கோமுவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. இளநீர்க்காரர் சத்தம் போட்டார்: "ஏம்மா, இம்புட்டுப் பெரிய வண்டி நிக்கி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" நானும் விடவில்லை. "திடீர்னு வண்டியக் கொண்டாந்து நடு ரோட்டுல விட்டா எப்படி வே தெரியும்?" என்று பதிலுக்குக் கத்தினேன்.

"அவரு விடலம்மா," என்றாள் பூரணி. ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "அவரு அங்கனயேதான் நிக்காரு. ஒனக்கு எடது பக்கம் தெரியலம்மா. நாயும் தெரியல, கொடையும் தெரியல. நான் பக்கத்துலயே இருக்கேன், என்னையும் தெரியல."

இளநீர்க்காரர் குனிந்து எங்கள் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார்.

கண் டாக்டர் முதலில் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பார்வைப் பரப்புச் சோதனை ஒன்று எடுக்கச் சொன்னார். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் நன்றாகத்தான் அழுத்தினேன். நடுநடுவே கொஞ்ச நேரம் மின்னவே இல்லையே, மெஷின் பழசோ என்றுகூடக் கேட்டேன். அதை நடத்திய பெண் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் இடது பாதி கறுப்பு.

டாக்டர் விளக்கினார். கண் படத்தைப் பிடித்து அனுப்புகிறது. அதை வாங்கிப் பார்ப்பது மூளையின் பின்பக்கம். இடது பக்கத்துப் படம் போய்ச் சேருகிற இடம் வலது மூளையில் இருக்கிறது. அங்கே ஏதோ தடங்கல். "இடது பக்கம் இருட்டா இருந்தா நீங்களே வந்திருப்பீங்கம்மா. இது இருட்டு இல்ல. அங்க ஒண்ணுமே இல்லன்னு மூளை முடிவு பண்ணிருது. பாக்கலைங்கிறதையும் உங்களுக்குச் சொல்றதில்ல." ஸ்கேனுக்கு எழுதும்போது, அன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். அன்றைக்கே என்று அவர் சொன்ன விதத்தில் என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே தாலியைக் கழற்றி மதினி கையில் கொடுத்தேன். உலோகம் எதுவும் உள்ளே ஆகாது. என்னைத் தினம் கிண்டல் செய்கிற மதினி அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அதுதான் எனக்கு முதல் பயம். குழாய்க்குள் படுக்க வைத்து, கம்பியை அறுக்கிற மாதிரியும் கதவைத் தட்டுகிற மாதிரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அசையக் கூடாது. கடைசியில் ஊசி மருந்து ஏற்றி இன்னொரு தடவை எடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் கூடி நிற்பது வெளியே வரும்போது தெரிந்தது. போகும்போது ஒருவர்தான் இருந்தார்.

மூளையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறையிலிருந்து, வலது பின்பக்கம், எலுமிச்சங்காயைவிடப் பெரிதாக ஒரு கட்டி வளர்ந்து மூளையை அமுக்கிக்கொண்டிருந்தது. மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டர் என்னைவிட இளைய பெண். அவர் எதையும் மறைக்கவில்லை. இந்த வகைக் கட்டி பெரும்பாலும் கெட்டது இல்லை, மெதுவாக வளரும், எடுத்துவிடலாம். எடுத்துப் பரிசோதித்தால்தான் எந்த ரகம் என்று உறுதியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அதைத் தொடாமல் எடுக்க வேண்டும்.

"பார்வை திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். இப்ப இருக்கிறதும் குறையலாம். மொதல்ல கட்டிய எடுப்போம்மா."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் அழுவதை நான் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வார்டில் படுத்திருந்த நாட்களில் வீக்கம் வற்றுவதற்கு மாத்திரை, வலிப்பு வராமல் இருக்க மாத்திரை. வீக்க மாத்திரையில் அகோரப் பசி எடுக்கும், தூக்கம் போகும், ஆளைக் கண்டால் கடித்துக் குதறத் தோன்றும். மதினி சொதியும் இஞ்சித் துவையலும் கட்டிக்கொண்டு வருவார். உப்பில்லை என்று கத்துவேன். "உப்பில்லையா? கத்துததுக்கு மட்டும் தெம்பு இருக்குல்லா, அப்ப நல்லாத்தான் இருக்க," என்று ஊட்டிவிடுவார். என் வீட்டுக்காரர் காப்பீட்டு மேசைக்கும் மருந்துக் கடைக்கும் நடந்த நடையில் இளைத்தே போனார். எதற்கு எவ்வளவு என்று என்னிடம் மூச்சு விடவில்லை. அவர் கையிலிருந்த மோதிரம் காணாமல் போயிருந்தது. நானும் கேட்கவில்லை.

வீட்டில் பிள்ளைகளை மதினிதான் தூங்கவைத்தார். அந்தப் புத்தகத்தையும் வாசித்திருக்கிறார். "அத்தை வாசிச்சா ஒண்ணுமே நல்லால்லம்மா," என்று கோமு போனில் புகார் செய்தாள். "எருமை போச்சு, சோறு தின்னுச்சு, வந்துச்சு, படுங்கன்னு சொல்லுதா."

புத்தகத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். காரணம் இருந்தது. தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பினால் விட்டுப்போன பாதியும் தெரியும் என்று டாக்டர் காட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் கோழி பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதைக் கோமு பார்க்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் இடது பாதியையும் மனப்பாடம் செய்தேன். நாய், குடைக்காரர், பந்தக்கால், திண்டில் தூங்குகிற தாத்தா, தண்ணீர்த் தொட்டி. என் மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போடுகிற மாதிரி வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். கட்டிலில் பழைய மாதிரியே உட்கார்ந்துகொண்டோம். பூரணி இடது, கோமு வலது. கோமு பக்கத்தைத் திருப்பினாள். "எம்மா, இங்கன யாரு நிக்கா?"

"வெள்ளை நாயி. அப்பளம் திங்குது."

"இங்கன?"

"கொடை பிடிச்ச மாமா. கொடையில ஒரு ஓட்டை."

"அம்மைக்குத் தெரியுது!" கோமு கட்டிலிலிருந்து குதித்து, வாசலில் நின்ற அப்பாவிடம் ஓடினாள். "எப்பா, அம்மைக்கு எல்லாம் தெரியுது! ஆப்பரேசனே வேண்டாம்பா!"

அவள் போனதும் இடது பக்கத்திலிருந்து குரல் வந்தது. பூரணி படத்தைப் பார்த்துத்தான் பேசியிருப்பாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. "எனக்கு மொதல்லயே தெரியும்மா. புஸ்தகத்தத் தலைகீழா வச்சேன்லா, அன்னைக்கே தெரியும். சொன்னா நெசமாயிரும்னு பயந்துட்டேன்." அப்புறம், "நீ மனப்பாடம் பண்ணிருக்கன்னும் தெரியும்," என்றாள்.

தலையைத் திருப்பி அவளைப் பார்த்தேன். இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒண்ணும் ஆவாதுட்டி," என்று மட்டும் சொன்னேன். அதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தது தீவிரச் சிகிச்சைப் பிரிவில். எந்நேரமும் ஒரே வெளிச்சம், இரவா பகலா தெரியாது, பீப் பீப் என்று ஒரு சத்தம், தலையில் ஒரு குழாய். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், கை காலை ஆட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன். "நல்லா இருக்கீங்க," என்றார். அப்போதுதான் இடது பக்கம் ஆள் நிற்பதைக் கவனித்தேன்.

இத்தனை நாள் ஒன்றுமே இல்லாத பக்கம். அங்கே இப்போது ஆட்கள் நின்றார்கள். பட்டுச் சேலை கட்டிய பெண்கள், தலைப்பாகை வைத்தவர்கள், எல்லாரும் முழங்கால் உயரம். சத்தம் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்கல்லாம் யாரு? உள்ள விடக் கூடாதுல்லா?" என்று கேட்டேன்.

"யாரும்மா? இங்க யாரும் இல்லையே."

எனக்குச் செத்துப் போய்விட்டோமா என்று பயம் வந்துவிட்டது. என்னை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன், மூடினாலும் நின்றார்கள். பிள்ளைகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். பார்வை வராத இடத்தை மூளை சும்மா விடாதாம். தானாகவே படம் போட்டு நிரப்புமாம். பைத்தியம் இல்லை, பலருக்கு வரும், நாளாக ஆகக் குறையும். "அது மூளை சொல்ற பொய்தாம்மா," என்றார். அவருக்கு எங்கள் வீட்டு விளையாட்டு தெரியாது.

அவர்கள் சில நாள் நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போன இடத்தில் கட்டில் கம்பி தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு காலையில் திரும்பாமலேயே மதினி தெரிந்தார், தரையில் பாய் விரித்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு. அவ்வளவு அழகாக நான் யாரையும் பார்த்ததில்லை. எழுப்பிச் சொன்னேன். "காலங்காத்தால என்னட்டி கிண்டல்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார்.

பரிசோதனை முடிவு வர நாளாயிற்று. கட்டியை மூன்று ரகமாகப் பிரிப்பார்களாம். முதல் ரகம் சாது, மூன்றாவது கெட்டது. என்னுடையது இரண்டாவது. முழுசாக எடுத்தாகிவிட்டது, ஆனாலும் திரும்ப வரக்கூடிய ரகம். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையில் இடது கீழ்ப்பக்கம் ஒரு துண்டு மட்டும் திரும்பவில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. மற்றபடி கல்லூரிக்குப் போகலாம், கத்தலாம்.

வீட்டுக்கு வந்து இத்தனை மாதம் ஆகிறது. படப் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. எருமைப் புத்தகம் எங்கே என்று கேட்டால் பூரணி, "கெடக்கும்மா எங்கயாவது," என்பாள். கட்டிலில் எழுத்துப் புத்தகம்தான். நான் வாசிப்பேன், கேட்பார்கள். கேட்கிறார்களா? நான் வரியை விடுகிறேனா என்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நான் என்ன ஒங்களுக்குப் பரிசோதனை எலியா?" என்று ஒரு நாள் வெடித்துவிட்டேன். கோமு முகம் சுருங்கிவிட்டது. நானே சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் ஒரு புதுப் படப் புத்தகம் எடுத்து வந்தேன். குளத்தங்கரை, பெரிய மருத மரம், சுற்றிலும் பிராணிகள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பழையபடி சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று ஒரு வீம்பு. நாலைந்து பக்கம் ஒழுங்காகப் படித்தேன். அப்புறம் இடது பக்கம் மருத மரத்துக் கிளையில் குரங்கு உட்கார்ந்திருக்கிற பக்கம் வந்தது. முகத்தை மாற்றாமல், "இந்த மரத்துல ஒரு குருவி கூட இல்ல, பாத்தியளா? காலி மரம்," என்றேன்.

யாரும் பக்கத்தை அடிக்கவில்லை. யாரும் பொய் என்று கத்தவில்லை. அப்புறம் கோமு என் மேலே சாய்ந்து கையை நீட்டி, படத்தில் ஒரு இடத்தில் மெதுவாக விரலை வைத்தாள். "இங்கன ஒரு கொரங்கு இருக்கும்மா," என்றாள். "பரவாயில்ல. பைய பாரு."

"ஏட்டி, எனக்குத் தெரியும்! நான் பொய்ப் படிப்பு படிச்சேன்!"

"சரிம்மா," என்றாள் பூரணி.

"நெசமாத்தான் சொல்லுதேன். கொரங்கு வால ஆட்டிக்கிட்டு இருக்கு, கையில பழம் வச்சிருக்கு. எனக்குத் தெரியுது."

"சரிம்மா. தெரியுதும்மா." பூரணி புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்து மூடினாள். கோமு விளக்கை அணைத்தாள். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பயந்த பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி பூரணி தட்டிக்கொடுத்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சாதித்துப் பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

குரங்கை நான் பார்த்தேன். கோமு விரலை வைப்பதற்கு முன்னாலேயே பார்த்தேன். பார்த்ததால்தான் இல்லை என்று சொன்னேன். இந்த நாலைந்து நாளில் எத்தனை தடவை யோசித்துவிட்டேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.